சட்டைப் பொத்தானும் புளியங்கொட்டையும்

அம்மம்மாவின் மடிக்கணினியில் இரண்டு விசைகளுக்கு மட்டும்தான் வேலை. ஒன்றில் அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். மற்றதில் ஒரு புளியங்கொட்டை. பொத்தானை அழுத்தினால் ஒலிவாங்கி திறக்கும், அம்மம்மா கதைப்பார், கணினி எழுதும். புளியங்கொட்டையை அழுத்தினால் வந்திருக்கும் செய்தியைக் கணினி வாசித்துக் காட்டும். மிச்ச விசைகள் எல்லாம் சும்மா இருக்கின்றன. அம்மா ஒருநாள் அவற்றின் மேல் துணி போட்டு மூடியே விட்டார், தூசி படுகிறது என்று.

என் வேலை நிறுவனங்களுக்குப் போய் அவர்களுடைய கணினி அமைப்புகளைச் சரி பண்ணிக் கொடுப்பது. பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் நான் செய்ததில் ஒவ்வொரு நாளும் ஒருவர் உண்மையாகப் பாவிப்பது எது என்று கேட்டால், ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டு மேசையில் இருக்கிற இந்தப் பொத்தானையும் கொட்டையையும்தான் சொல்வேன்.

இதற்கான தேவை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அம்மம்மாவுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. மக்கியூலர் டிஜெனரேஷன் என்று சொல்வார்கள். ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. "உன்னைப் பார்த்தால் முகத்தைக் காணேல்லை பிள்ளை, காது ரண்டும் தெரியுது" என்பார். ஆகவே எழுத்து வாசிக்க முடியாது. அம்மம்மாவின் தங்கை, எங்களுடைய சின்னம்மம்மா, கரவெட்டியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்குக் கண் நல்ல கூர்மை, ஆனால் காது கேட்காது. ஷெல் சத்தத்தால் போனதா, வயதால் போனதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காதுக்குள் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். "அதைப் போட்டால் காகம் கத்துறது மட்டும்தான் கேக்குது" என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கேட்காது, ஒருவருக்குத் தெரியாது. போனில் கதைக்க முடியாது. வீடியோ அழைப்பிலும் பயனில்லை. கடிதம் எழுதினால் ஒரு பக்கம் வாசிக்கலாம், மறுபக்கம் வாசிக்க முடியாது. எண்பது வயது தாண்டிய இரண்டு சகோதரிகள், நாலு வருசமாக நடுவில் யாராவது ஒருவரை வைத்துத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் இருந்தால் எல்லாவற்றையும் கதைக்க முடியாதுதானே.

அதனால்தான் இந்த ஏற்பாடு. அம்மம்மா சொல்வார், கணினி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பும். சின்னம்மம்மா தன் டாப்லெட்டில் அதை வாசிப்பார். வாசித்துவிட்டு விரலால் கண்ணாடியில் எழுதுவார். விசைப்பலகையே இல்லை. கரும்பலகையில் எழுதிய கை, அதே வட்டமான எழுத்து. அந்தக் கிறுக்கலைக் கருவி அச்செழுத்தாக மாற்றும். இங்கே புளியங்கொட்டை அதை வாசிக்கும். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடை காலத்தில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அங்கே இரவு எழுதுவதை இங்கே அம்மம்மா மத்தியானத் தேத்தண்ணியோடு கேட்பார்.

முதல் கிழமை முழுக்க அவர்கள் கதைத்தது சமையல் மட்டும். இரண்டாம் கிழமை சண்டை பிடித்தார்கள், 1958ஆம் ஆண்டு காணாமல் போன ஒரு கம்மலைப் பற்றி. எனக்கு அப்போதுதான் இது வேலை செய்கிறது என்று நம்பிக்கை வந்தது.

எங்கள் வீட்டில் கணினியோடு தமிழில் பழகிய முதல் ஆள் அப்பா. தொண்ணூறுகளில் வீட்டு மூலையில் ஒரு பெரிய பெட்டிக் கணினி இருந்தது. அதில் பாமினி என்ற எழுத்துரு. உங்கள் வீட்டிலும் பழைய கல்யாணக் கார்டோ மரண அறிவித்தலோ இருந்தால், அநேகமாக அந்த எழுத்துருவிலோ அதன் உறவுகளில் ஒன்றிலோதான் இருக்கும். பாமினி ஒரு தந்திரம். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளை அடிப்பீர்கள். கணினியும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான் சேமித்து வைக்கும். ஆனால் எழுத்துரு அவற்றின் உருவத்தை மாற்றி, திரையில் 'தமிழ்' என்று காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரும்ப அந்த ஐந்து குறிகள்தான் மிஞ்சும். அப்பாவின் பழைய கோப்புகளை இன்று திறந்தால் அப்படித்தான் இருக்கின்றன, யாரோ பூனையை விசைப்பலகையில் நடக்க விட்ட மாதிரி.

அந்தத் தந்திரத்துக்குள் ஒரு அழகு இருந்தது. 'கொ' என்று அடிக்க அப்பா முதலில் கொம்பை அடிப்பார், பிறகு 'க', பிறகு கால். கையால் எழுதும் அதே ஒழுங்கு. தட்டச்சுப் பொறியின் வழக்கம் அது. உங்கள் விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். பாமினியில் அவை 'க'வும் 'த'வும். அப்பா அந்த இரண்டு மேட்டிலும் சுட்டுவிரலை வைத்து, கண்ணைத் திரையில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல அடித்துத் தள்ளுவார். ஸ்பொன்சர் கடிதம், கோயில் கணக்கு, அந்தியேட்டி அழைப்பு, எல்லாம்.

பிறகு யூனிகோட் வந்தது. உண்மையில் 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது, எங்கள் வீடுகளுக்கு வந்து சேரத்தான் நிறைய வருசம் எடுத்தது. அதில் தமிழ் எழுத்துகளுக்குத் தங்களுக்கென்று எண்கள். எந்த எழுத்துருவை மாற்றினாலும் 'த' 'த'வாகவே இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைத் தரமாக அறிவித்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு அஞ்சல் செய்யத் தொடங்கியிருந்தார். 2013இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 வந்தபோது போனிலேயே தமிழ் விசைப்பலகை இருந்தது. அப்பா எதற்கும் மாறவில்லை. விரல் பழகிவிட்டது என்றார். நானோ பாமினி பக்கமே போகவில்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழ் வரும் முறையில்தான் நான் பழகினேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள், அல்லது ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து அனுப்புபவர்களாக இருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அம்மாவுக்கு அப்படித்தான் அனுப்புகிறேன்.

எனக்கு இதில் பிடித்த விசயம் இன்னொன்று உண்டு. சின்னம்மம்மா விரலால் தொட்டு எழுதுவதும், அம்மம்மா குரலால் எழுதுவதும் இரண்டுமே எங்கள் ஊரோடு, அதாவது ரொறன்ரோவோடு, கொழுவியிருக்கின்றன. எல்லாமே கலிஃபோர்னியாவில் பிறந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1982இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்ற பொறியியல் மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக ஒரு கருவி செய்தார். ஒரு மங்கிய கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு கமரா. கண்ணாடியில் விரலை வைத்து அழுத்தினால் வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் புள்ளி தெரியும். ஒரு விரல் என்றால் ஒரு புள்ளி, ஐந்து விரல் என்றால் ஐந்து. ஒரே நேரத்தில் பல விரல்களை உணர்ந்த கணினிக் கருவிகளில் முதலாவது என்று வழக்கமாக இதைத்தான் சொல்வார்கள். 1985இல் அதே பல்கலைக்கழகத்தில் லீ, பில் பக்ஸ்டன், ஸ்மித் மூவரும் கமராவே இல்லாமல், மின்கொள்ளளவை அளந்து பல விரல்களையும் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அறியும் ஒரு பலகையைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பக்ஸ்டன் இசை படித்து, இசைக்காகக் கணினிக்கு வந்தவர். ஒரு விரலால் யாரும் பியானோ வாசிக்க மாட்டார்கள்தானே. ஐபோன் வந்தது 2007இல். பொறியியலில் மாஸ்டர்ஸ் படித்த காலத்தில் அந்த 1985 கட்டுரையை வாசித்துவிட்டு இரவு பஸ்ஸில் வரும்போது, சுற்றி இருந்த எல்லாரும் விரலால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.

குரல் கதையும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டம் தாண்டுகிறது. 2009 அளவில் ஜெஃப்ரி ஹின்ரனின் மாணவர்கள் அப்தெல் ரஹ்மான் முகமதும் ஜோர்ஜ் டாலும் பல அடுக்கு நரம்பு வலையமைப்புகளைக் கொண்டு பேச்சின் ஒலிகளை அடையாளம் காணும் வேலையைச் செய்தார்கள். அதுவரை இருந்த முறைகளை அது முந்தியது. 2012இல் ரொறன்ரோ, மைக்ரோசொஃப்ட், கூகிள், ஐபிஎம் நான்கு குழுக்களும் சேர்ந்து இனி இதுதான் வழி என்று சொல்லும்படியான ஒரு கட்டுரை எழுதின. இன்று நீங்கள் போனோடு கதைப்பதெல்லாம் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வந்தது. 2017 ஓகஸ்டில் கூகிள் தன் குரல் தட்டச்சில் 30 மொழிகளைப் புதிதாகச் சேர்த்தபோது தமிழும் அதில் இருந்தது.

ஆனால் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். ரொறன்ரோ மாணவர்கள் தங்கள் முறையைச் சோதித்த ஒலித்தொகுப்பின் பெயர் டிமிட். எண்பதுகளில் அமெரிக்காவில் சேகரித்தது. 630 பேர், ஆளுக்குப் பத்து வசனம், மொத்தம் 6300. அந்த 630 பேரையும் எப்படித் தெரிந்தெடுத்தார்கள் தெரியுமா? அமெரிக்க ஆங்கிலத்தின் எட்டு வட்டார வழக்குகளிலிருந்து. அதாவது ஒரு நாட்டு ஆங்கிலமே எட்டு விதமாக ஒலிக்கும், எட்டையும் கேட்காவிட்டால் இயந்திரம் பிழை விடும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சரி, கரவெட்டிக்கு வருகிறேன்.

அம்மம்மாவின் ஒரே தம்பி போன வருசம் ஊரில் மோசம் போனார். செத்தவீட்டுக்கு அம்மம்மாவால் போக முடியவில்லை. ஆட்டைத் திவசத்துக்காவது வருகிறாயா என்று சின்னம்மம்மா கேட்டிருந்தார். இடையில் யாரோ ஒரு சொந்தக்காரர், "கொக்கா வரமாட்டாவாம்" என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டார். சின்னம்மம்மா எழுதிக் கேட்டார், உண்மையோ என்று. அம்மம்மா பொத்தானை அழுத்திச் சொன்னார்:

"நான் வரமாட்டன் எண்டு சொல்லேல்லை. டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

கணினி எழுதி அனுப்பியது இது: "நான் வரமாட்டேன் என்று சொல்லு. டாக்டரிடம் கேட்டு சொல்கிறேன்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. சின்னம்மம்மா வாசித்துவிட்டார். அதற்குப் பிறகு பதினாறு நாள் அங்கிருந்து ஒரு சொல் வரவில்லை.

அம்மம்மா ஒவ்வொரு நாளும் புளியங்கொட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாராம். கணினி ஒவ்வொரு நாளும் புதிய செய்தி எதுவும் இல்லை என்று சொன்னதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் கரவெட்டியில் இருந்து மச்சாள் அம்மாவுக்குப் போன் எடுத்துத்தான் விசயம் வெளியே வந்தது. "அத்தை ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. அக்கா தன்னை வைச்சு வரமாட்டன் எண்டு ஊருக்குச் சொல்லச் சொல்லுறாவாம்" என்று.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்த வசனத்தை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் அப்பிடிச் சொல்லுவனோ பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் உண்மையாகவே என்னிடம் கேட்டார், தான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடுமோ என்று.

அன்றே நான் சின்னம்மம்மாவுக்கு என் கையாலேயே அடித்து விளக்கம் அனுப்பினேன். இரவே பதில் வந்தது. அது அவர்களுக்குள் இருக்கட்டும்.

பிறகு எனக்குள் இருந்த பொறியியலாளருக்கு நித்திரை வரவில்லை. அதே வசனத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். மூன்று தடவை சரியாக வந்தது. மிச்ச ஏழிலும் அந்த 'இல்லை' ஏதோ ஒரு விதத்தில் காணாமல் போனது. நான் அதே வசனத்தைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் மாதிரி "சொல்லவில்லை" என்று சொன்னபோது பத்தும் சரி.

ஏன் இப்படி? இந்த இயந்திரங்கள் குரலைச் சின்னச் சின்னத் துண்டாக, ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு அளவில் நறுக்கிப் பார்க்கின்றன. ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கலாம் என்று கணக்குப் போடுகின்றன. ஒலி மட்டும் போதாது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கின்றன. அந்த வழக்கத்தை அவை படித்தது எழுதப்பட்ட தமிழில் இருந்தும் பதிவுசெய்த தமிழில் இருந்தும். 'சொல்லவில்லை' கோடிக்கணக்கில் இருக்கும். பேச்சில் 'சொல்லல' நிறைய இருக்கும், படங்கள் போதுமே. 'சொல்லேல்லை' என்று யார் எழுதுகிறார்கள்? நாங்களே எழுதுவதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதினால் பிழை போடுவார்கள். ஆகவே ஒலி கொஞ்சம் மங்கினாலும் இயந்திரம் தனக்குத் தெரிந்த பக்கம் சாய்ந்துவிடும். ஆங்கிலத்தில் மறுப்பு ஒரு தனிச் சொல்லாக முன்னால் நிற்கும். தமிழில் அது வினையின் வாலில் தொங்குகிறது. மூச்சு முடியும் இடம் அது. எண்பது வயதுக் குரல் தளரும் இடமும் அதுதான்.

அமைப்புகளுக்குள் போய் மொழித் தெரிவை மாற்றிப் பார்த்தேன். தமிழ் என்றால் ஒன்றல்ல, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுப் பெயரோடு பிரித்துத் தரும் சேவைகள் உண்டு. இலங்கையைத் தெரிந்தெடுத்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். பத்தில் மூன்று நாலாகியது. அவ்வளவுதான்.

அந்தச் செயலி எது என்று எழுதப் போவதில்லை. நான் பார்த்த மற்றவையும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ஆனால் அதன் அமைப்புகளில் ஒரு பெட்டி இருந்தது. அடையாளம் போட்டால், உங்கள் குரலைச் சேமித்து இயந்திரத்தைப் பழக்கப் பாவிப்போம் என்று. நான் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டிருந்தேன், என் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்வது போல. இப்போது யோசித்தேன். அம்மம்மா மாதிரியானவர்களின் குரல் போகாவிட்டால் அது எப்படிப் பழகும்? போனால், கம்மல் சண்டையும் தம்பியின் சாவும் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் கிடக்கும். அம்மம்மாவிடமே கேட்டேன். "என்ர குரலை வைச்சு அவை என்ன செய்யப் போகினம், சாமத்தியவீட்டுக்குப் பாடவோ?" என்றார். அது அனுமதியா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

மொஸில்லாவின் கொமன் வொயிஸ் என்று ஒரு திட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் தங்கள் குரலைக் கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம். தமிழும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அதில் இருந்து வசனங்கள் வாசித்துப் பதிந்தேன். நல்ல வேலை, நீங்களும் செய்யலாம். ஆனால் பத்தாவது வசனத்தில் என்னை நானே பிடித்துக்கொண்டேன். திரையில் வருவதை வாசிக்கும்போது நான் அம்மம்மாவின் பேரப்பிள்ளையாக இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மேடை ஏறிய பிள்ளையாக இருந்தேன். எழுதியிருப்பதை வாசித்தால் எழுத்துத் தமிழ்தான் வரும். 'சொல்லேல்லை' அங்கேயும் வராது, யாராவது முதலில் அதை எழுதி வைத்தாலொழிய. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அம்மம்மா கதைப்பதை அவர் கதைத்த மாதிரியே எழுதியிருக்கிறேன். பிழை என்று நினைக்காதீர்கள்.

இதற்கிடையில் அம்மம்மா தானாகவே மாறத் தொடங்கியிருந்தார். இரண்டு மூன்று கிழமை கழித்துப் போனபோது அடுப்படியில் இருந்து கேட்டேன். "ஆமா தங்கச்சி, நேத்துக் கோயிலுக்குப் போனோம்" என்று கணினியோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஆமா! எங்கள் அம்மம்மா! 'ஓம்' என்று தொடங்கினால் இயந்திரம் அதை மந்திரம் என்று நினைத்து இரண்டு தடவை பக்திப் பாட்டைத் தேடிப் போட்டதாம். சீரியல்களில் கேட்ட தமிழை எடுத்து இயந்திரத்துக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார். அம்மாவுக்கு அது பெரிய பகிடி. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அப்பாவிடம் விசைப்பலகை கேட்டது விரலை. விரல் பழகியது, நாக்கு அப்படியே இருந்தது. விசைப்பலகையே இல்லாத இந்த வசதி நாக்கைக் கேட்கிறது. கதைத்தால் போதும், பழகவே தேவையில்லை என்று சொல்லித்தான் நான் இதை அம்மம்மாவுக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு தீர்வு செய்து பார்த்தேன். செய்தி அனுப்ப முன் கணினி அதைத் திரும்ப வாசித்துக் காட்டும்படி மாற்றினேன். இது நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது, வேறு யாருடைய திட்டத்திலாவது அது இல்லாவிட்டால் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டிருப்பேன். பொத்தானை இரண்டாம் தரம் அழுத்தினால்தான் இப்போது போகும். பிழை எண்டால் திரும்பச் சொல்லலாம். அது உதவியது. ஆனால் அம்மம்மாவுக்கு ஒரே வசனத்தை நாலு தரம் சொல்வது பிடிக்கவில்லை. அவர் வேறு வழி பிடித்தார்.

மறுப்பே சொல்லாமல் கதைக்கத் தொடங்கினார்.

நான் கவனிக்கக் கொஞ்ச நாள் எடுத்தது. "மருந்து குடிக்கேல்லை" என்பதற்குப் பதிலாக "மருந்து அப்பிடியே இருக்கு." "நித்திரை வரேல்லை" இல்லை, "விடிய விடிய முழிச்சிருந்தனான்." "மழை பெய்யேல்லை" இல்லை, "வெய்யில் எறிக்குது." எந்த வாலை இயந்திரம் அறுக்கிறது என்று கண்டுபிடித்து, வால் இல்லாமலே வசனம் செய்கிறார். ஆமாவும் நேத்தும் குறைந்துவிட்டன. ஓம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வசனத்தின் நடுவில். இதை ஒரு மென்பொருள் குழு யோசித்திருந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்து, ஒரு விளக்கப்படமும் போட்டிருக்கும்.

ஆனி மாதம் டொக்டர் முடிவாகச் சொன்னார், விமானப் பயணம் வேண்டாம் என்று. அம்மம்மா வீட்டுக்கு வரும்வரை காரில் ஒன்றும் கதைக்கவில்லை. வந்ததும் மேசையில் போய் இருந்தார்.

"நான் அடிச்சு அனுப்பட்டோ அம்மம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. என்ர தங்கச்சிக்கு நானே சொல்லுறன்."

பொத்தானை அழுத்தினார். ஒலிவாங்கி திறந்தது. அவர் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக மூடிக்கொண்டது. திரும்ப அழுத்தினார். திரும்ப மூடியது. மூன்றாம் தரம் சொன்னார்:

"தங்கச்சி, அண்டைக்கு நான் இங்கை இருந்து விளக்கேத்துறன்."

கணினி எழுதியது: "தங்கச்சி, அன்றைக்கு நான் இங்கே இருந்து விளக்கு ஏற்றுகிறேன்." வாசித்துக் காட்டியது. ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. அம்மம்மா இரண்டாம் தரம் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நாள் நான் வேலையை அங்கே இருந்தே செய்தேன். மத்தியானம் புளியங்கொட்டை அழுத்தும் சத்தம் கேட்டது. இயந்திரத்தின் பெண்குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், சின்னம்மம்மா விரலால் எழுதியதை வாசித்தது.

"விளங்குது அக்கா. ரண்டு திரி போடு. செம்பருத்தி. செம்பருத்தி."

கடைசியில் வருவது சின்னம்மம்மா ஒவ்வொரு செய்தியிலும் போடும் பூப் படம். இயந்திரம் படத்தின் பெயரையும் சேர்த்து வாசிக்கும்.

"செவ்வரத்தை எண்டு சொல்லு" என்று அம்மம்மா அதைத் திருத்தினார், வழக்கம் போல. திரும்பவும் அழுத்தினார்.